கீழமுத்தாறின் பின்வாக்கு

கீழமுத்தாறில் இன்று இருப்பவர்கள் காலையிலேயே வாக்களித்து முடித்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அங்கே வாழப்போகிறவர்களின் வாக்குகள் பிற்பகல் மூன்று மணிக்கு வரத் தொடங்கின.

சட்டம் அப்படி. ஏறிவரும் கடலைத் தடுக்கச் சுவர் கட்ட, ஊரின் நீர் நிர்வாகமான நீர் வட்டாரம் கடன்பத்திரம் வெளியிடுகிறது; அந்தக் கடனை அடைக்கப்போவது அவர்கள்தான். அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். காலம் தாண்டிக் கேட்கும் பின்வாக்குப் பெட்டி வந்தபிறகு இதைத் தட்டிக்கழிக்க முடிவதில்லை.

தேர்தல் அலுவலர் ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். ஊரில் இப்போது ஒன்பதாயிரம் பேர். வந்திருந்த வாக்குகள் இருநூற்றுப் பதினான்கு. அத்தனையும் ‘வேண்டாம்’.

வாக்கோடு ஒரு வரி காரணமும் எழுதலாம். பலர் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: சுவர் இருந்திருந்தால் நாங்கள் இங்கே வந்திருக்க மாட்டோம்.

பட்டியலில் அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அமலி, அவளுடைய ஏழு வயது மகள். அதன் கீழே அமலியின் பிள்ளைகள் மூவர்: ஆரோன், தெபோரா, நிலவன். மகள் எழுதியிருந்தாள்: “அம்மா, மன்னிச்சிரு. ஊர் கடலுக்குள்ள போன பிறகு மிஞ்சின மேட்டுக்கு வந்தவர்தான் இந்த மூணு பேரோட அப்பா.”

ஜெசிந்தா அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

நீர் வட்டாரத் தலைவர் சூசைமிக்கேலுக்கு அவள் விஷயத்தைச் சொன்னாள். பிறக்காதவர்களுக்காக இருக்கிறவர்கள் சாக முடியாது என்றார் அவர். தீர்மானம் நிறைவேறியது என்று எழுதிவிடும்படி தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

அது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊரை மூழ்கவிட மனம் வரவில்லை. எழுதுவதென்று முடிவு செய்து பேனாவை எடுத்தாள்.

மை தாளைத் தொடுவதற்குள் திரை அசைந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடங்களில் ஊர்க் குடும்பங்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் நிரம்பின. எல்லாம் ‘வேண்டும்’. அவள் பேனாவை விலக்கினாள்; பழைய இருநூற்றுப் பதினான்கு பேரும் திரும்பி வந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் எதை முடிவு செய்கிறாளோ, அந்த முடிவால் உருவாகும் ஊரில் வாழ்பவர்களிடம் மட்டுமே பெட்டி கேட்கிறது.

பேரப்பிள்ளைகள் மூவரின் பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ‘நிறைவேறியது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மாறிய பட்டியலிலும் அமலியின் பெயர் நின்றது. கீழே வேறு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

சூசைமிக்கேல் திரையை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஒருத்தர்கூட எதிர்க்கல, மேடம்.”

“எதிர்த்தவங்க இப்ப இல்ல” என்றாள் ஜெசிந்தா.