ஒரு மணி நேரம் பின்னால்

தட்டில் பன்னிரண்டு கடிகாரங்கள் இருந்தன. பதினொன்று நின்றுபோயிருந்தன. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. பச்சைத் துணி விரித்த தட்டை அடி இழுப்பறையிலிருந்து எடுத்துவைத்து, வாயால் தூசியை ஊதி, "காட்டுக்குன்னா இதுதான் சார். பேட்டரி சமாசாரமே கிடையாது. கையில கட்டிட்டு நடந்தா, அந்த நடையிலயே சாவி ஏறிக்கும்" என்று ஆரம்பித்தார். அவனுக்குத் தெரியாத விஷயமா? பத்தொன்பது வருடமாகக் காட்டு எல்லை அளக்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது மூன்றாவது வரிசையில் கிடந்த கறுப்பு முகக் கடிகாரத்தை. அதன் நொடிமுள் யார் கையிலோ இருப்பதுபோல நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது ஓடுதே?"

"அட!" கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்தத் தட்டை வெளிய எடுத்தே ஒரு மாசம் இருக்கும். இப்ப எடுக்கும்போது குலுங்கியிருக்கும், வேறென்ன."

"குலுங்கினா பன்னெண்டும்தானே குலுங்கும்?" என்றாள் அவன் தங்கை.

அவளை அழைத்து வந்தது அவன் செய்த பிழை. அழைத்து வந்தான் என்றும் சொல்ல முடியாது, அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சீருடை தைக்கும் கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, தோளில் நூல் பிசிறு ஒட்டியபடியே வந்திருந்தாள்.

அவன் மற்றவற்றை எடுத்துப் பார்த்தான். ஒன்றில் கண்ணாடி புடைத்துக்கொண்டிருந்தது, முதல் பாறையிலேயே கீறிவிடும். ஒன்றில் தோல் பட்டை, நாலு நாள் மழையில் ஊறி நாறிப்போகும். ஒன்றில் எண்கள் கடுகு கடுகாக இருந்தன. கறுப்பு முகத்தில் மட்டும் குறை சொல்ல எதுவும் இல்லை. விளிம்புக்குள் பதுங்கிய கண்ணாடி, தண்ணீர் புகாமல் திருகி மூடும் குமிழ், துணிப் பட்டை, இருட்டில் மினுங்கும் தடித்த முட்கள். அவனே வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னதுபோல இருந்தது. அதனாலேயே அதைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"அதையே எடுண்ணா. ஓடுறதை விட்டுட்டு நின்னுபோனதை எதுக்கு வாங்கணும்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. கறுப்பு முகத்தில் மூன்று. கடைக்காரர் குமிழை இழுத்து முள்ளைத் திருப்பி வைத்துக் கொடுத்தார். "கழட்டி வெச்சீங்கன்னா ரெண்டு நாள்ல நின்னுடும். பயந்துடாதீங்க, ரிப்பேர் இல்ல. ஆள் நடமாட்டம் இல்லன்னா அது நிக்கத்தான் செய்யும்."

கடையை விட்டு இறங்கியதும் தங்கை சொன்னாள். "திங்கட்கிழமை தேடலுக்கு நானும் வரேன். அவர் வராம போன அந்தக் கல்லை நான் பாக்கணும்."

"பாப்பா, போய்த் தேடிட்டுத் திரும்ப மூணு நாள் நடக்கணும். உன்னால முடியாது."

"ஒன்பது மாசமா ராத்திரி முழுக்க அங்கதாண்ணா நடந்துட்டிருக்கேன்."

அவன் கடிகாரப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தான்.

அவளுடைய கணவனும் அவனும் ஒன்றாக எல்லை அளந்தவர்கள். அடர்ந்த காட்டில் ஆளுக்கொரு பக்கம் பிரியும் முன் இருவரும் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிவைப்பார்கள். குமிழை வெளியே இழுத்து முட்களை ஒரே இடத்தில் நிறுத்துவார்கள். ஒருவன் "வை" என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குமிழை உள்ளே அழுத்துவார்கள். போன் எடுக்காத இடத்தில் அந்த ஒரு "வை"யை நம்பித்தான் உயிர் இருந்தது. மாலை ஆறு மணிக்கு எல்லைக்கல். ஒருவன் வராவிட்டால் மற்றவன் ஆறு வரை காத்திருந்து, அதன்பின் தனியாக ரோட்டுக்குப் போய் ஆட்களைக் கூட்டிவர வேண்டும். கிளம்பிய நேரத்தைக் கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

அன்றைக்கு நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. ஐந்து மணிக்குக் கல்லுக்குக் கீழே, பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"மச்சான், காலு போச்சு. கயிறைப் போடு மச்சான்."

கயிறு அவன் தோளில்தான் கிடந்தது. ஆனால் அவனுக்கும் பள்ளத்துக்கும் நடுவே, பனிக்குள், ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கரடியோ, காட்டுப் பன்றியோ, வெறும் பயமோ, எந்த இழவோ. அவன் ஓடினான். குரல் பின்னால் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ரொம்ப தூரம் ஓடிய பிறகு நின்று, இரைக்க இரைக்க நோட்டை எடுத்தான். பொய்யை எழுதக் கை வரவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், கடிகாரத்தில் இல்லாத நேரம் அந்த நோட்டில் ஏறாது. அதனால் குமிழை இழுத்தான். முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினான். அதைப் பார்த்து ஒழுங்காக எழுதினான். "மணி ஆறு. வரவில்லை. கிளம்பினேன்." ரோட்டை எட்டும்போது விடிந்துவிட்டது, கேட்க ஒரு நாதி இல்லை. அந்தக் கடிகாரத்தை அதன்பிறகு அவன் கட்டவில்லை.

தேடப் போன ஆட்களை இரண்டு முறையும் வேறு பள்ளத்துக்கு அழைத்துப் போனவன் அவன்தான். குரல் எட்டாத பள்ளம். கால் உடைந்தவன் ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் இருந்திருப்பான் என்று அவன் யோசித்ததே இல்லை. யோசித்தான், இல்லை என்று சொல்வானேன். இப்போது திங்கட்கிழமை கடைசித் தேடல். அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை தாண்டிவிட்டால் தங்கை தங்கையாகவே இருப்பாள். அவனுக்கென்று உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

மாடியில் ஒற்றை அறையும் சமையலறையுமாக அவன் வீடு. வாங்கிய அன்று கடிகாரத்தை மேசைமேல் வைத்தான், கட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் அது ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. சரியாக ஒரு மணி நேரம், ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருப்பி வைத்தான். அடுத்த நாளும் அதே ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"ரெண்டு நாள்ல நின்னுடும்னு சொன்னேனே சார்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா நல்ல வாட்ச் சார்!" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்று மதியம்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டான். தெருவில் காய்ந்த துணிகளை யாரோ உதறிக்கொண்டிருந்தார்கள், குழாயில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது, பட்டப்பகல். மேசையில் அசையாமல் கிடந்த கடிகாரத்துக்குள் சாவியேற்றும் தகடு சுழன்றது. கை வீசி நடந்தால் மட்டுமே சுழலும் தகடு அது. சர்ர்ர் என்று நீளமாக ஒன்று. சர் என்று குட்டையாக ஒன்று. மறுபடி நீளமாக, மறுபடி குட்டையாக. ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து வருகிறவனுடைய கை அப்படித்தான் வீசும். நடுநடுவே சத்தம் நிற்கும். இளைப்பாறுகிறதுபோல. பிறகு தொடங்கும்.

அவன் அதைப் பழைய சட்டையில் சுற்றினான். சட்டையைத் தகர டப்பாவில் போட்டு மூடினான். டப்பாவை அலமாரியின் அடித்தட்டில், செருப்புகளுக்குப் பின்னால் தள்ளினான். சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முதலில் இலைக் குப்பைமேல் நடப்பதுபோல மெத்தென்று. சனிக்கிழமை, சரளைக்கல்மேல் நடப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே நீளமும் குட்டையும் சீராக விழ ஆரம்பித்தன, மேடு பள்ளம் இல்லாமல். தார் ரோடு.

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குத் தங்கை வந்தாள். முதுகில் அவளே தைத்த பை, காலில் கணவனின் பழைய பூட்ஸ், முனையில் துணி அடைத்திருந்தாள். மறுநாள் விடிகாலை வண்டி, அதனால் இங்கேயே தங்கிவிட வந்திருந்தாள்.

"வாட்ச் எங்கண்ணா?"

"பெட்டியில வெச்சுட்டேன்."

"பெட்டி திறந்து கிடக்கே, அதுல இல்ல." அவள் தலையைச் சாய்த்தாள். காது கொடுத்தாள். நேராக அலமாரிக்குப் போய்ச் செருப்புகளை விலக்கி டப்பாவைத் திறந்து, சட்டையைப் பிரித்துக் கடிகாரத்தைக் காதோரம் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"யாரோ நொண்டி நொண்டி நடக்கிற மாதிரி இருக்கு."

"கழட்டி வெச்சா அப்படித்தான் சத்தம் வரும்." வாய் கூசாமல் சொன்னான்.

"எதுக்கு மணி தப்பா காட்டுது?"

"மெதுவா ஓடுது. சரி பண்ணிக்கலாம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கடிகாரம் அவள் உள்ளங்கையில் கிடந்தது. சர்ர்ர். சர்.

"அண்ணா, நீ ஆறு வரைக்கும் இருந்தல்ல?"

"நோட்டைப் பார்த்தல்ல பாப்பா?"

"நோட்டைப் பார்த்தேன். இப்ப உன்னைக் கேக்கறேன்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். ஐந்து. சொன்னால் இவள் எழுந்து போவாள், அந்தப் பூட்ஸ் சத்தம் படியில் இறங்கும், பிறகு சாகும்வரை இந்த அறையில் அவன் ஒருவன் மட்டும். சுவரில் மணி ஆறாக ஏழு நிமிடம்.

"ஆறு வரைக்கும் இருந்தேன் பாப்பா. உன்மேல சத்தியமா."

தகட்டின் சத்தம் மாறியது. நீளம். நிறுத்தம். நீளம். நிறுத்தம். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு இழுப்பு. அவனுக்குப் புரிந்தது. படி.

கீழ்ப் படி.

சத்தம் இப்போது கடிகாரத்துக்குள் மட்டும் இல்லை. வெளியிலும் கேட்டது. ஈர மரத்தை இழுத்து ஏற்றுவதுபோல. பதினாறு படிகள் அவன் மாடிக்கு. அவன் எண்ணவில்லை. எண்ணினான். ஒன்பது. பத்து. கதவிடுக்கில் வாசனை வந்தது, அழுகிய இலை, சேறு, பனி. தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா? போட்டிருந்தது. பதினான்கு. பதினைந்து.

பதினாறு.

தகடு நின்றது.

சுவரில் மணி ஆறு. அவள் உள்ளங்கையில் ஐந்து.

கதவை யாரும் தட்டவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. தங்கை எழுந்தாள். "போகாதே" என்றான். அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு ஒரு சாண் திறந்தது. படிக்கட்டு முழுக்கப் பனி. இந்த ஊரில் அவன் ஒருநாளும் பார்த்திராத வெள்ளைப் பனி. அவள் முகம், ஒன்பது மாதமாகச் செத்துக் கிடந்த அந்த முகம், மலர்ந்தது. கல்யாணத்தன்று அப்படி மலர்ந்திருந்தது. அவள் தலையைக் கதவுக்கு அப்பால் நீட்டி எதையோ கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள். பிறகு மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். மலர்ச்சி அவள் முகத்திலிருந்து இதழ் இதழாக உதிர்ந்தது.

"அண்ணா, மணி என்னன்னு கேக்கறார்."

கதவிடுக்கு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. முழங்கைவரை காய்ந்த சேறு. நகங்கள் இல்லை. மணிக்கட்டு மேல்பக்கமாகத் திரும்பி, பக்கத்தில் இன்னொரு மணிக்கட்டுக்கு இடம் விட்டு, அவனை நோக்கி நீண்டது. அதில் கட்டியிருந்த கடிகாரத்தின் கண்ணாடி உடைந்திருந்தது. குமிழ் வெளியே இழுக்கப்பட்டிருந்தது, அவன் "வை" என்று சொல்வதற்காக.