கஹ்வா ஆறுவதற்குள்...

போன் அலறியது.

பாலைவன ஓரத்து ஊரான தும்ரைத் ஒர்க்‌ஷாப்பில், சக்கரம் மணலில் சிக்கினால் அடியில் போடும் பலகைகளை வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டிருந்த தம்மான் எண்ணெய்க் கையோடு எடுத்தான்.

மறுமுனையில் நுவைர். அவன் அண்ணன் சுஹைலின் விதவை.

"நாளைக்கு பக்கீத்தோட மணலுக்குள்ள போறியாமே? உங்க அண்ணனும் அவனோடதான் போனார். பொணமா வந்தார்."

"அதுக்குத்தான் போறேன், அண்ணி."

"எட்டு மாசமா அவனைத் தெருவுல பார்க்கறேன். என்னைப் பார்த்து சிரிக்கறான்."

"இன்னும் ஒரு நாள் சிரிக்கட்டும்."

நுவைர், பக்கீத்தின் சித்தப்பா மகள். அந்த ஊர் வழக்கத்தில் சித்தப்பா மகள்தான் முறைப்பெண். அவளோ சுஹைலைக் கட்டிக்கொண்டாள். பக்கீத் கல்யாண விருந்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கறுவிக்கொண்டே போனான்.

பிறகு அந்தப் பயணம்... சுஹைலின் உடல் மட்டும் கிடைத்தது. எங்கோ நடந்து போய் விழுந்திருந்தான். வண்டியை மணல் மூடிவிட்டது. வழி தப்பிட்டான் என்றான் பக்கீத். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது.

மணலில் வண்டியை விட்டு இறங்கி நடப்பவன் முட்டாள். சுஹைல் முட்டாளில்லை. தண்ணீர் இல்லாமல்தான் நடந்திருக்க வேண்டும். அந்த வண்டியைத் தோண்டிப் பார்க்கத் துடித்தான் தம்மான். 'நானே வழி காட்டறேன்' என்று முந்திக்கொண்டான் பக்கீத்.

"என்ன தம்பி, ரெடியா?"

இதோ, வந்தே விட்டான்!

"பெட்ரோல், காத்தடிக்கற மெஷின், மண்வெட்டி எல்லாம் ஏத்தியாச்சுண்ணே. உங்க வண்டிக்கு ஆறு கேன் தண்ணி, என் வண்டிக்கு ஆறு."

"சரி, நீ தொழுதுட்டு வா. கேனை நான் கட்டி வைக்கறேன். காணாமப் போறது உங்க குடும்ப வழக்கமாச்சே... இறுக்கிக் கட்டணும்."

தம்மானுக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை.

பக்கீத்தின் கூடாரத்தில் வழியனுப்பும் விருந்து. ஊர்த் தலைவர் ஷேக் மப்கூத் நடுவில். சுற்றிலும் இருபது பேர். பக்கீத் தன் கையால் சூடான கஹ்வா காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

தம்மான் கோப்பையைத் தரையில் வைத்தான். தொடவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். வீட்டுக்காரன் சம்மதிக்காமல் குடிக்க மாட்டான். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால், அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

"குடிடா தம்பி. என்ன கேட்டாலும் குடுத்தேன்," என்றான் பக்கீத் பெருமையாக.

தம்மான் ஒரே மடக்கில் குடித்தான்.

"உங்க வண்டியில நான் வர்றேன். என் வண்டியில நீங்க வாங்க. ஏத்தின சாமான் ஏத்தினபடி இருக்கட்டும். இப்பவே கிளம்பணும்."

பக்கீத்தின் முகம் வெளுத்தது.

"வே... வேற எதாவது கேளு."

"வாக்கு குடுத்துட்டே. ஏறு," என்றார் ஷேக்.

"மாட்டேன்."

"இருபது பேர் முன்னாடி குடுத்த வாக்குடா. ஏறு வண்டியில."

நாலு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. வண்டியை நோக்கித் தள்ளின. பக்கீத் திமிறினான்.

"விடுங்கய்யா! அந்தத் தண்ணியை வெச்சுக்கிட்டு சுஹைலே மூணு நாள்தான் தாங்கினான்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். ரொம்ப லேட்!

"எந்தத் தண்ணி?" என்றார் ஷேக்.

அவரே போய் தம்மானின் வண்டியிலிருந்த கேனைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். புருவம் உயர்ந்தது.

"நல்ல தண்ணிதானே இது?"

பக்கீத் விழித்தான்.

"நேத்து நான் தொழப் போனப்ப, உப்புக் கிணத்துத் தண்ணிக் கேனா மாத்தி வெச்சீங்க. வந்து நக்கிப் பார்த்தேன். ராத்திரியே அந்தக் கேனையெல்லாம் உங்க வண்டிக்கு மாத்திட்டு, உங்க நல்ல கேனை இதுல ஏத்திட்டேன்," என்றான் தம்மான். "சரின்னு ஏறியிருந்தா நல்ல தண்ணி உங்களுக்கு. உப்புத் தண்ணி எனக்கு."

பக்கீத் மணலில் பொத்தென்று உட்கார்ந்தான். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

தம்மான் குனிந்து அவன் தோளைத் தட்டினான்.

"கவலைப்படாதீங்கண்ணே... ஜெயில்ல தண்ணி ஃப்ரீ!"