தலையணைக்கு அடியில் மழை

மூன்று நாளாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் அவன் வலது கட்டைவிரலிலிருந்து அந்த வாசனை போகவில்லை. அழுகத் தொடங்கிய பழத்தோடு நகப்பூச்சைக் கலந்த மாதிரி ஒரு இனிப்பு. செல்போன் ரிப்பேர் செய்கிறவனுக்கு அது என்ன வாசனை என்று தெரியும். தெரிந்ததால்தான் யாரும் பார்க்காதபோது விரலை மூக்கருகே கொண்டுபோவதும், திருடன் போலக் கையை இறக்குவதுமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், அக்காவின் போனுக்குப் புது பேட்டரி மாட்டினான். ஆபரேஷனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி மாமா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"போன வருஷம் மிக்ஸியைப் பிரிச்சியே மாப்ள, அது இன்னும் மூட்டையிலதான் இருக்கு."

"நீங்க சும்மா இருங்க. என் தம்பி கை வச்சா எல்லாம் சரியாயிடும்" என்றாள் அக்கா.

அந்தப் பேச்சுக்குப் பிறகு, பிளாஸ்டிக் நெம்பியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்ததைச் சொல்ல எவனுக்கு வாய் வரும்? பேட்டரி மயிரிழை கோணலாக உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். வெள்ளித்தோலில் அரிசி அளவுக்கு ஒரு குழி விழுந்தது. குழியின் ஓரத்தில் கொஞ்சம் ஈரம், அந்த இனிப்பு வாசனையோடு. இருமுவது போல் குனிந்து, கட்டைவிரலால் அதைத் தடவி மட்டமாக்கி, மூடியை அழுத்தினான்.

"அவ்ளோதானா?" என்றார் மாமா.

"அவ்ளோதான்."

அவன் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அவன் கையெழுத்துதான். 'அடிபட்ட, உப்பிய பேட்டரியை ஒரு நிமிடம்கூடப் பயன்படுத்தாதீர்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள்.' கீழே சிரிக்கும் பொம்மை முகம் வேறு. மூன்று நாளாக அதற்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தான்.

புதன்கிழமை மதியம். தெருவில் ஆளில்லை, மின்விசிறி மட்டும் சூடான காற்றை மேசைக்கு மேசை நகர்த்திக்கொண்டிருந்தது. அக்காவின் குரல் செய்தி வந்தது.

"டேய், குட்டிக்கு மழைச் சத்தம் போட்டாத்தான் தூக்கம் வருது. சார்ஜ்ல போட்டு அவ தலையணைக்கு அடியில வச்சிடறேன். லேசா சூடா இருக்கு, அவளுக்கும் இதமா இருக்கு போல. பின்னாடி கொஞ்சம் உப்பலா இருக்குடா, புது பேட்டரின்னா அப்படித்தானே? உங்க மாமாவும் இன்னிக்கு லீவு, கேட்டா உன்னைக் கிண்டல் பண்ணுவாரு. அதான் உன்கிட்டயே கேக்கறேன்."

'அக்கா, நான் ஒரு தப்பு' என்று தட்டினான். அழித்தான். 'அக்கா, அதைக் கழட்டி வெளியே' என்று தட்டினான். மாமா சிரிக்கும் முகம் கண்முன் வந்தது. அழித்தான்.

கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். எடுக்கப்பட்டது.

"அக்கா?"

ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். மழைதான் என்று மூச்சு விட்டான். பிறகு அவன் தொழிலே அவனுக்கு எதிரியானது. அழைப்பு வந்தால் போனில் ஓடும் சத்தம் தானாக நின்றுவிடும். மழை நின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் இது என்ன?

யார் எடுத்தது? உப்பிய பேட்டரி உள்ளிருந்து திரையைத் தள்ளினால், திரை தன்னைத்தானே தொட்டுக்கொள்ளும். போனே எடுத்திருக்கிறது.

இணைப்பு அறுந்தது.

ஓடினான். இரண்டு தெரு. மூன்று மாடி. படிக்கொரு முறை சொல்லிப் பார்த்தான்: பேட்டரியை நான்தான் குத்திட்டேன். பேட்டரியை நான்தான் குத்திட்டேன். கதவருகே மழை கேட்டது. நல்ல மழை, உச்சி வெயிலில். கதவிடுக்கில் அந்த இனிப்பு.

தட்டினான்.

அக்கா உதட்டில் விரலை வைத்தபடி திறந்தாள். தோளில் குட்டி உறங்கினாள். போனைக் கையிலிருந்து விடமாட்டாளாம், மழையைக் கன்னத்தோடு அணைத்திருந்தாள். திரை ஒரு ஓரமாகப் பிளந்திருந்தது. அந்தக் கறுப்பு இடுக்கில் அவளது சுண்டுவிரல்.

"வாங்க இன்ஜினியர்!" உள்ளிருந்து மாமா. "இன்னிக்கு எதைப் பிரிக்கப் போறீங்க?"

"ஏன்டா இப்படி வேர்த்திருக்கே? என்னடா?"

சொல். மூன்று வார்த்தை. சொல்.

அக்காவின் கண்ணில் அதே பெருமை. போனை நோக்கி நீண்ட அவன் கை குழந்தையின் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பியது.

"சும்மாதான்க்கா" என்றது அவன் வாய்.

மழை நின்றது.

இடுக்கிலிருந்து, சுண்டுவிரலைச் சுற்றி, வெள்ளையாக ஒரு நூல் எழுந்தது.

ஸ்ஸ்ஸ்.