டைனோசருக்குப் பல் கட்டியவர்

மெழுகுத் தகட்டில் புதிதாக ஒரு கடி விழுந்திருந்தது.

காலையில் பட்டறை அறையைத் திறந்ததும் பல்லுக்காரர் கண்ணில் பட்டது அதுதான். முந்தின சாயங்காலம் மேசைமேல் விட்டுப்போன இளஞ்சிவப்பு மெழுகு, அதன் பக்கத்தில் டைனோசர், டைனோசரின் பக்கத்தில் அவர் கையாலேயே கழற்றி வைத்த பேட்டரி. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கடி மட்டும் அவர் வைத்தது இல்லை.

பல்லுக்காரர் என்றால் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பல்செட் செய்து தருகிறவர். அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் அவர் கட்டிய பல்லால்தான் மென்றார்கள், சிரித்தார்கள், மருமகளைத் திட்டினார்கள்.

டைனோசர் வந்தது மச்சான் புண்ணியத்தில். மனைவியின் தம்பி, இவர் மகள் பாப்பாவின் ஆறாவது பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே துண்டு துண்டாக ஒரு ரோபோ டைனோசர்: மோட்டார், பற்சக்கரம், பொடிப்பொடித் திருகாணிகள். பாப்பா இரண்டு திருகாணி முடுக்கிவிட்டு அலுத்துப்போய் எழுந்து ஓடிவிட்டாள். அப்பாதான் மாட்டிக்கொண்டார். என்ன ஒரு சுகம் அது! சக்கரத்தோடு சக்கரம் கோத்துக்கொள்ளும்போது விரல் நுனியில் தெரியும் சின்னத் துடிப்பு, கிரீஸ் வாசனை, சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாத அந்த மயக்கம். முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்று, கழுத்தை ஆட்டி, கை தட்டிய பக்கம் திரும்பி அது தள்ளாடி நடந்து வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, பிறந்தநாள் உங்களுக்கா அவளுக்கா என்று கேட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் விட்டால்தானே? பெட்டியோடு வந்த பல் மழுங்கல் பிளாஸ்டிக், மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. சேராத பல்லைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. பல்செட்டுக்கு வார்க்கும் அதே வெள்ளை உலோகத்தில் ஒவ்வொரு பல்லாக வார்த்தார். தாடையிலிருந்த பொம்மை மோட்டாரைப் பிடுங்கிப்போட்டுவிட்டுப் பாலிஷ் இயந்திரத்தின் பழைய மோட்டாரைப் பொருத்தினார். கடி பார்க்கிற நீலத்தாளைக் கடிக்கவிட்டு, நீலம் அழுந்திய இடத்தையெல்லாம் ராவி ராவி, கடைசியில் கடி மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் கொஞ்சம் கோணல். போகட்டும், பொம்மைதானே என்று விட்டுவிட்டார்.

மெழுகில் விழுந்திருந்ததும் அந்தக் கோணல் பல்லின் தடம்தான்.

அடுத்த நாள், டாக்டருக்கு அனுப்ப வைத்திருந்த பல்செட் ஒன்று மேசைமேல் பொடிப்பொடியாகக் கிடந்தது. அதற்கப்புறம் பட்டறைக் கதவின் அடிப்பலகையில் ஒரு மூலையே காணோம், சிராய் சிராயாகத் தரையில் சிதறியிருந்தது. அவர் பூட்டிவிட்டுப் போன கதவு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேட்டரி இல்லாம பொம்மை எப்படிங்க கடிக்கும்? எலியா இருக்கும்."

எலியாகவே இருந்துவிட்டால் தேவலை என்றுதான் அவருக்கும் இருந்தது. பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனைவி போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, வீட்டுக்குள் ஈரமண் வாசனையும் பொழுது சாயும் நேரத்து அரையிருட்டும் சேர்ந்து நுழைந்தன. பாப்பாவின் போர்வையை மடிக்கப் போனவர் கட்டில் காலருகில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மரத்தில் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது கடி. விரலால் தடவிப் பார்த்தார். கோணல் பல்.

பட்டறையில் ஆரம்பித்து, கதவைத் தாண்டி, குழந்தை படுக்கும் இடம் வரைக்கும் வந்திருக்கிறது. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பாப்பாவைத் தொடக் கூடாது. சுத்தியலை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

மேசைமேல் டைனோசர் இல்லை.

மேசைக்கு அடியில் பாப்பாவின் பூனை கிடந்தது. உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். வெட்டு அத்தனை சுத்தம். ரத்தத்தில் சின்னச் சின்னக் காலடிகள், மூன்று விரல் பதிந்தவை, வரிசையாகக் கதவுப் பக்கம் போயிருந்தன.

அப்போது கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

கைதட்டல்.

"வா வா... இங்க வா..."

பாப்பா அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

ஓடினார். படுக்கையறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள் குழந்தை. கையெட்டும் தூரத்தில் அது. வாய் திறந்திருந்தது. அவளை அப்படியே அள்ளி உள்ளே தள்ளினார். கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பிச் சுத்தியலை ஓங்கினார்.

அது எம்பியது.

சுத்தியல் எங்கோ போய் விழுந்தது. வலதுகை அதன் வாய்க்குள் இருந்தது. மோட்டார் உறுமியது. எலும்பு ஒவ்வொன்றாக முறிவது காதில் கேட்டது, வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அலறினார். இடதுகை விரல்களைத் தாடைக்குள் நுழைத்து நெம்பினார். தாடை ஒரு நொடி திறந்தது. இரண்டு கையையும் சேர்த்து மூடிக்கொண்டது.

கடி சரியாக இருந்தது. மயிரிழை பிசகவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கடிக்கட்டும். என் கை இதன் வாயில் இருக்கும்வரை பாப்பாவிடம் போகாது. அந்த ஒரு நினைப்புதான் அவரை நிற்க வைத்தது.

அது வாயைத் திறந்தது.

அவரை விட்டுவிட்டது. கழுத்தைத் திருப்பியது. கதவைப் பார்த்தது.

வெளிக்கொக்கியைப் போட வேண்டும். கையைத் தூக்கினார். போடுவதற்கு விரல் இல்லை. கதவுக்குக் குறுக்கே நின்றார். குதிகாலில் விழுந்தது அடுத்த கடி. நரம்பு அறுந்தது. குப்புற விழுந்தார். தலை இடித்துக் கதவு ஒரு சாண் திறந்துகொண்டது.

"பாப்பா... கதவைச் சாத்து. தாழ்ப்பாளப் போடு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே எம்பிக் குதிக்கும் சத்தம். சின்னப் பாதங்கள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. குழந்தை தெரியாமல் உள்ளே பூட்டிக்கொள்ளக் கூடாதென்று உச்சியில் வைத்த தாழ்ப்பாள். வைத்தவர் அவர்தான்.

"எட்டலப்பா."

முதுகின் மேல் பாரம் ஏறியது. ஒரு கால். இன்னொரு கால். கிர்ர்... டக். அவர் தலைக்கு மேலே கதவு மெதுவாக உள்ளே போனது. இரண்டு வரிசைப் பல்லும், அவர் ரத்தம் சொட்டச் சொட்ட, அந்த இடுக்கில் நுழைந்து அகலத் திறந்தன.