நாற்பத்தொன்றாவது ஒட்டு

முத்துசெல்வி அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது, உள்ளே இரண்டு பேர் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெஞ்சமின், இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே அவருடைய நண்பர் துல்கர்னைன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தென்காசியில் எந்தச் சிக்கல் பெஞ்சமின் வீட்டுக்கு வந்தாலும், அதை முதலில் தீர்த்துவிடத் துடிப்பவர் துல்கர்னைன்தான்.

"உக்காரும்மா. என்ன விஷயம்?" என்றார் பெஞ்சமின்.

"என் வேலை மேல பழி போடுதாவ சார். நான் கத்தியால குத்திட்டேன்னு சொல்லுதாவ."

"யாரை?" துல்கர்னைன் எழுந்தே விட்டார்.

"ஆளை இல்ல சார். ஷீட்டை."

குத்துக்கல்வலசைக்கு வெளியே புதிய குப்பைக் குழி தயாராகிக்கொண்டிருந்தது. தென்காசிக் குப்பையும், குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் எண்ணெய்ப் பாக்கெட்டும் பழந்துணியும் இனி அங்கேதான் போகும். குப்பையில் ஊறும் கசிவுநீர் நிலத்தில் இறங்கக் கூடாது. அதற்காக மூன்றடிக் களிமண்ணை இறுக்கி, அதன்மேல் கனத்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தார்கள். ஷீட்டுகளைச் சூட்டு மெஷினால் உருக்கி இணைத்து, குறை தெரிந்த இடங்களில் மேலே துண்டு வைத்து ஒட்டுப் போட்டவள் முத்துசெல்வி. ஒவ்வொரு இணைப்பிலும் காற்றடித்து, அழுத்தம் இறங்காததைக் காட்டியிருந்தாள். அந்த மெஷினைப் பிடித்த பெண் இந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி ஒட்டு போட்டேன். நாப்பத்தொண்ணாவது. உடனே கான்ட்ராக்ட் கம்பெனி மேனேஜர் செல்லப்பா கேட்டைப் பூட்டிட்டாரு. சாவி அவருகிட்டதான். திங்கக்கிழமை சென்னையில இருந்து கரண்டு வச்சுச் சோதிக்கிறவங்க வந்தாங்க. ஒம்பது இடத்துல மெஷின் கூவிச்சு. ஒம்பது ஓட்டை."

"உங்க மேல ஏன் சந்தேகம்?" என்றார் பெஞ்சமின்.

அவள் சற்றுத் தயங்கினாள். "குழி வேண்டாம்னு போராட்டம் நடத்துறது என் தம்பி இசக்கிதுரை. ஊர்க் கிணறு கெட்டுப்போகும்னு சொல்லுதான். மூணு மாசமா எங்கிட்ட பேச்சில்ல. அவனுக்காக நான் கிழிச்சிட்டேனாம். என்னை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாவ, அதைக்கூடத் தாங்கிக்கிடுவேன் சார். செஞ்ச வேலை ஓட்டைன்னு சொன்னா தாங்க முடியல."

பெஞ்சமின் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "வாங்க, போய்ப் பாப்போம்."

நகராட்சிப் பொறியாளர் பொன்செல்வி அனுமதி தந்தாள். பத்து மணிக்கெல்லாம் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்கள். மே மாத வெயிலில் ஷீட் சுட்டது. மேற்கே மலைமேல் மேகம் கூடியிருந்தது. சீசன் மழை வருவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

ஒன்பது துளைகளுக்குப் பக்கத்திலும் சிவப்புக் கொடி நட்ட சிறு மண்மூட்டைகள் இருந்தன. பெஞ்சமின் ஒரு துளைக்கு முன்னால் மண்டியிட்டு, விரல் நுனியால் தடவினார்.

"கத்தி இல்ல. கத்தி பட்டா கீறலா இருக்கும். இது வட்டமா இருக்கு. விளிம்பு கீழ்ப்பக்கமா அமுங்கியிருக்கு."

"அப்ப கடப்பாரை. தம்பி வேலைதான்," என்றார் துல்கர்னைன்.

"வாத்தியாரே, கெடுக்கணும்னு வந்தவன் இணைப்புலதானே குத்துவான்? ஒரு துளைகூட இணைப்புல இல்ல. கொடிக்குக் கொடி தூரத்தை அளந்து சொல்லுங்க."

துல்கர்னைன் உற்சாகமாக அளந்தார். குழியின் கிழக்கு ஓரம் மூன்று, நடுவில் மூன்று, பம்ப் வைக்கும் பள்ளத்தருகே மூன்று. ஒவ்வொரு மூன்றும் ஒரு முக்கோணம். பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

"கோபத்துல குத்துறவன் சமபக்க முக்கோணம் போட மாட்டான்," என்று கணக்கு வாத்தியாரே ஒப்புக்கொண்டார்.

மேலே, வேலைத்தள அலுவலகத்தில் பொன்செல்வியும் செல்லப்பாவும் காத்திருந்தார்கள். பெஞ்சமின் சொல்லி அனுப்பியதால் இசக்கிதுரையும் வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் நின்றான். மூலையில் குடை, கம்பிச் சுருள், சர்வே கருவியின் முக்காலி. சுவரில், திங்கட்கிழமை காலை நகராட்சிக்குக் கொடுத்த வரைபடத்தின் நகல்.

"இந்தப் படத்துக்கு அளவு எப்ப எடுத்தீங்க, அண்ணாச்சி?" என்று பெஞ்சமின் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டோம்," என்றார் செல்லப்பா. "அதுக்கப்புறம் சர்வேயர் உள்ள இறங்கவே இல்ல. வேற எவரும் இறங்கல. கேட்டு பூட்டிக் கிடந்துச்சு."

"முத்துசெல்வி, இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க. உங்க வேலைதானே?"

அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். இணைப்புகள் கோடுகளாகவும் ஒட்டுகள் சிறு வட்டங்களாகவும் இருந்தன. ஒவ்வொன்றையும் போட்ட நேரமும் வெயிலும் அவளுக்கு நினைவிருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அவள் விரல் நின்றது.

"சார், நாப்பத்தொண்ணு இருக்கு."

"அதை எப்பப் போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு."

பெஞ்சமின் செல்லப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நோட்டுல இருந்து பாத்து வரைஞ்சிருப்பாங்க," என்றார் செல்லப்பா.

"நோட்டுல நம்பரும் நேரமும்தான் எழுதுவேன்," என்றாள் முத்துசெல்வி. "இங்கன உயரம் மில்லிமீட்டர் வரைக்கும் போட்டிருக்கு. உள்ள இறங்கிக் கருவி வச்சாத்தான் அது தெரியும்."

பெஞ்சமின் தலையசைத்தார். "மத்தியானம் அளந்தவங்க, சாயங்காலம் போட்ட ஒட்டை எப்படி அளந்தாங்க? சனி, ஞாயிறுல கருவி உள்ள இறங்கியிருக்கு. சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு." அவர் முக்காலியை எடுத்து விரித்து வைத்தார். மூன்று கால்களிலும் கூரான இரும்பு முனை. யாரும் சொல்லாமலே துல்கர்னைன் குனிந்து அளந்தார். முனைக்கு முனை ஒரு மீட்டர்.

"நில வழக்குகள்ல சர்வேயரோட எத்தனையோ நாள் அலைஞ்சிருக்கேன். கால் அசையாம இருக்க முனைக்கு மேல மிதிச்சு இறக்குவாங்க. மண்ணுல அது சரி. ஷீட்டுல?"

"ரப்பர் கட்டை மேலதான் வைக்கணும்," என்றாள் பொன்செல்வி. "எழுத்துல கொடுத்திருக்கோம்."

செல்லப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை எடுத்த அளவு பாதிதான் சரியா இருந்துச்சு. திங்கக்கிழமை படம் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை நானும் சர்வேயரும் அவசரமா இறங்கினோம். கட்டை ஸ்டோர்ல கிடந்துச்சு. எடுக்கல. ஓட்டை விழுந்தது அப்பத் தெரியாது மேடம். மெஷின் கூவினப்பதான் புரிஞ்சது."

"புரிஞ்ச பிறகும் இவங்க பேரைச் சொன்னீங்க," என்றார் பெஞ்சமின். குரல் உயரவில்லை.

பொன்செல்வி முத்துசெல்வியிடம் திரும்பினாள். "நான் விசாரிக்காம உங்களை நிறுத்தியிருக்கக் கூடாது. ஓட்டையை அடைக்கச் சென்னையில இருந்து ஆள் வரச்சொல்லுதேன். நீங்க நிம்மதியா இருங்க."

"வேண்டாம் மேடம். இது என் ஷீட்டு. நானே அடைக்கேன்."

மறுநாள் ஒன்பது ஒட்டும் போட்டாள். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சிச் சோதித்தபோது, இசக்கிதுரை பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தான். கசிந்தால் குமிழி எழும்பும்; ஒன்றுகூட எழும்பவில்லை. அவன் எழுந்து மேலேறிப் போனான்.

ஜூன் முதல் வாரம் மலையில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாத மழையில், குப்பை விழாத குழிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஐந்தாம் நாள் இசக்கிதுரை ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேரோடு வந்தான். ஷீட்டுக்கு அடியில் கசிவு பார்க்கப் போட்டிருந்த குழாயின் மூடியைப் பொன்செல்வி திறந்துவிட்டாள். யாரையும் நம்பாதவன்போல, அவனே தரையில் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான்.

முத்துசெல்வி சற்றுத் தள்ளி நின்றாள். அவளுக்குப் பதற்றமே இல்லை. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் கையை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் காய்ந்த புழுதி. அதை ஊர்க்காரர்கள் முன்னால் விரித்துக் காட்டினான்.

"ஈரமே இல்ல பாத்துக்கோங்க," என்றான். "கிணத்துத் தண்ணிய மாசாமாசம் நாமளே சோதிப்போம், அதை விடப்போறதில்ல. ஆனா இந்த ஷீட்டைப் பத்தி இனிமே எவனும் சந்தேகம் கேக்கப்படாது. இது எங்க அக்கா போட்டது."