புதன்கிழமைப் பால்

புதன், காலை 9.40. நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில், பானையிலிருந்த பால் நீலமாகக் கிடந்தது.

களைக்கு அடிக்கும் மருந்து. மூடியைத் திறந்த ஆயம்மா விஜயலெட்சுமி போட்ட கூச்சலில், மலையில் கொழுந்தெடுத்த தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள். அந்தப் பாலை ஒரு பிள்ளையும் குடிக்கவில்லை.

மடுவத்தின் பின்னறையில் புதன்தோறும் எட்டு இளசுகள் கூடுவார்கள். காதுக்குள் யாரோ திட்டுவதும் மிரட்டுவதுமாகக் கேட்டுத் தவிப்பவர்கள். அதை ஒருவருக்கொருவர் சொல்லித் தாங்கிக்கொள்ளப் பழக்குபவர், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் குணமணி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரி. பின்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே வெறும் பலகைத் தட்டிதான்.

9.50. யாரும் கேட்குமுன்னே அந்த எட்டுப் பேரில் ஒருவனான பத்தொன்பது வயது சுதாகர் எழுந்தான்.

"நான்தான் மிஸ் ஊத்துனேன்."

பாலில் நஞ்சைக் கலக்கச் சொல்லிக் குரல் அரிக்கிறது என்று போன வாரம் அவன் அந்த அறையில் அழுதிருந்தான்.

அவன் தாய் நல்லம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தாள். "ஒன்னப் பெத்ததுக்கு ஒரு கல்லப் பெத்திருக்கலாம்டா!"

பதுளையிலிருந்து பொலிஸ் ஜீப் வந்துகொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அரண்டது முழுத் தோட்டமும்.

"எதுக்குள்ள ஊத்தினனீர்?" என்று கேட்டார் குணமணி.

"பெரிய அலுமினியச் சட்டியில."

"எத்தனை மணிக்கு?"

"ஞாபகமில்ல மிஸ். நீதான் செஞ்ச, நீதான் செஞ்சன்னு அது கத்துது. அப்ப நான்தானே?"

குணமணி அடுப்படிக்குப் போனார். நீலப் பால் இருந்தது புதுச் சில்வர் பானையில். அலுமினியச் சட்டி ஓட்டை விழுந்து திங்கட்கிழமையே குப்பைக்குப் போய்விட்டதாம். தட்டில் பன்னிரண்டு கப் கவிழ்ந்து கிடந்தன. அத்தனையும் ஈரம்.

"அக்கா, பிள்ளையளுக்கு எத்தனை மணிக்குப் பால்?"

"பத்துக்குங்க மிஸ்," என்றாள் விஜயலெட்சுமி.

10.25. ஜீப் வந்து நின்றது. சார்ஜன்ட் சுதாகரின் தோளைப் பிடித்தார்.

"விடுங்கோ, அவர் செய்யேல்லை," என்றார் குணமணி. "அவருக்குத் தெரிஞ்சதுதான் அந்தக் குரலுக்கும் தெரியும். போன புதன் பாத்த சட்டியைத்தான் அது சொல்லுது. புதுப் பானையை அவர் காணவே இல்லை. செய்தது இந்த அக்கா. தட்டிக்கு இங்கால நிண்டு அவர் அழுததைக் கேட்டிருக்கிறா. எல்லாரும் பானையைப் பாத்தியள், கப்பை ஒருத்தரும் பாக்கேல்லை. பத்து மணிப் பாலை முதலே குடுத்துக் கழுவி வச்சிட்டு, மிச்சத்திலதான் ஊத்தியிருக்கிறா."

விஜயலெட்சுமி மறுக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பன்னெண்டு பச்சப் புள்ளைங்க மிஸ். அவன் நெசமாவே ஊத்துற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? இவங்கள வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி தோட்டத்து தொரைகிட்ட ரெண்டு தரம் கெஞ்சுனேன். யாரு கேட்டா?"

அங்கே நின்ற ஒரு தாய்கூட அவளை ஏசவில்லை. குணமணிக்கு அதுதான் தாங்கவில்லை. அடுத்த புதன் இந்தக் கதவு தங்களுக்குத் திறக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சுதாகர் தாயைப் பார்த்தான்.

"நீயும் நம்புனியாம்மா?"

நல்லம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நம்புனேன்டா."

"நானுந்தாம்மா," என்றான்.