படம் திருடாத வீட்டின் விலாசம்

போன் அடித்தது.

இன்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த அக்கா, ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் செல்லை எடுத்தாள். தங்கை!

"அக்கா... அவர் வாசல்ல நிக்கிறார்."

"எவர்டி?"

"அவர்தான்... இந்த வீடு எப்படிக்கா தெரிஞ்சுது..."

கதவு உடையும் சத்தம்.

ஓர் அலறல்...!

அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை.

அக்கா ஆட்டோவில் போய் விழுந்தடித்து இறங்கியபோது, தங்கையை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சமையலறை வாசலில் ரத்தம் தேங்கிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தாண்டி வந்தார்.

"வயித்துல ரெண்டு குத்து. உசிரு இருக்கு, அரசு ஆஸ்பத்திரில ஆபரேஷன் நடக்குது. புருஷன்தான்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க. ஆள் தப்பிச்சுட்டான்."

அக்கா உடைந்த கதவைப் பார்த்தாள்.

"அவ செத்தாளான்னு பாக்க திரும்ப வருவான் சார். விட மாட்டேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சவன்."

"இந்த விலாசம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். அடி தாங்காம ஓடி வந்தவ. நானே கூட்டிட்டு வந்து குடி வச்சேன். அம்மாகிட்டகூட மூச்சு விடல."

"அப்ப அவனுக்கு யாரு சொன்னா?"

தரையில் தங்கையின் செல் கிடந்தது. திரையில் ஒரு மெசேஜ். காலையில் வந்திருந்தது.

'உங்கள் இணைப்பில் திரைப்படம் ஒன்று திருட்டுத்தனமாக இறக்கப்பட்டுள்ளது. மீண்டும் நடந்தால் இணைப்பு துண்டிக்கப்படும்.'

அனுப்பியது அக்காவின் கம்பெனியேதான்!

அக்கா நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். தங்கை பெயரில், இந்த விலாசத்துக்கு இணைப்பு பதிந்து அவளே வாங்கிக்கொடுத்த மோடம், அட்டைப்பெட்டிக்குள் ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. அவளுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

"சார்... இந்த வீட்டுல நெட்டே இன்னும் மாட்டல. பிரிக்காத பெட்டி எப்படி சார் படம் திருடும்?"

"புரியற மாதிரி சொல்லும்மா."

"படத் திருட்டைத் தடுக்கறோம்னு எங்க கம்பெனி எல்லாரையும் மோப்பம் பிடிக்குது. யாரு என்ன பாக்கறா, எங்கேருந்து பாக்கறா, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆனா பூட்டியிருக்கும். படத்தைத் திருடினாங்கன்னு ஒரு புகார் பதிஞ்சாத்தான் பூட்டு திறக்கும்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? எவன் விலாசம் வேணும்னாலும் ஒரு பொய்ப் புகாரைப் பதிஞ்சுடறாங்க. ஆபீஸ்ல அதுக்கு டிக்கெட் கிழிக்கறதுன்னு பேரு. ஒருத்தர் பழைய காதலியத் தேடிக் கிழிப்பார். ஒருத்தர் சம்பந்தி வீட்டுல என்ன பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கக் கிழிப்பார். டீ குடிச்சுக்கிட்டே சிரிச்சுக்கிட்டே கிழிப்பாங்க. எச்சரிக்கை மெசேஜ் மட்டும் தன்னால போயிடும். அதை யாராலயும் நிறுத்த முடியாது."

"பதிஞ்சது யாருன்னு தெரியுமா?"

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும். வாங்க."

மேனேஜரின் கண்ணாடி அறையில் ஏ.சி. சில்லென்று இருந்தது. மேனேஜர் அதைவிடச் சில்லென்று இருந்தார்.

"வாடிக்கையாளர் ரகசியம் எங்களுக்கு உயிர் மாதிரி, இன்ஸ்பெக்டர்."

"அந்த உயிருதான் சார் இப்ப ஆபரேஷன் மேஜைல கிடக்கு," என்றாள் அக்கா.

அனுமதி கேட்கவில்லை. அவருடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தங்கை பெயரில் பதிந்த புகாரைத் திறந்தாள். புகாரைப் பதிந்தவர் என்ற இடத்தில்...

மேனேஜரின் பெயர்!

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவன் என்கூடப் படிச்சவன்மா. பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிட்டா, சமாதானம் பேசணும்னு அழுதான். ஒரு குடும்பம் ஒண்ணு சேரட்டுமேன்னு..."

"சேத்து வைங்கன்னு அவ உங்களக் கேட்டாளா?"

"நல்ல எண்ணத்துலதான்..."

"வாயை மூடுங்க சார்."

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகும் அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பெண் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஒளிகிறாள்... இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்!

இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"செல்லுல சிம்மக் கழட்டிட்டானாம். இனி டவரை வச்சுப் பிடிக்க முடியாது."

அக்கா சட்டென்று திரும்பினாள்.

"சிம் இல்லேன்னா வைஃபை இருக்கே சார். அவன் வீட்டுக் கனெக்ஷனும் எங்களுதுதான், அந்த செல்லை எங்க கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியும். ஊர்ல பாதி வைஃபை எங்களுது. எங்க மாட்டியிருந்தாலும் காட்டும்... ஒரு புகார் பதிஞ்சா."

மேனேஜருக்கு உயிர் வந்தது.

"அது பொய்ப் புகார். சட்டப்படி குத்தம். உன் வேலை போயிடும்மா."

"போகட்டும்."

வாயில் வந்த ஒரு புதுப்படத்தின் பெயரை அடித்தாள். தங்கை புருஷனின் செல்லைச் சேர்த்தாள். சிம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை மெசேஜ் போய்ச் சேரப் போவதில்லை. பட்டனைத் தட்டினாள்.

பூட்டுத் திறந்தது.

'அரசு மருத்துவமனை. மூன்றாவது மாடி. காத்திருப்பு அறை.'

அக்கா திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

"சார்... ஆபரேஷன் தியேட்டர் அந்த மாடிலதான்..."

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே போனில் கத்திக்கொண்டிருந்தார்.

அவர்கள் மாடியேறி ஓடியபோது இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனைத் தரையோடு அமுக்கிப் பிடித்திருந்தார்கள். தலையில் குல்லா. காதில் இயர்போன். பழப் பைக்குள், ஆப்பிள்களுக்கு அடியில், கழுவாத கத்தி!

டாக்டர் வெளியே வந்தார்.

"பொழச்சுட்டாங்க. யாரு அக்கா? உங்களத்தான் கேக்கறாங்க."

அக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகையை நிறுத்தியதும் எழுந்து போய், கீழே கிடந்தவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"இன்ஸ்பெக்டர், என்மேல கேஸ் போட்டா இந்தம்மா மேலயும் போடணும். நான் பதிஞ்சதும் பொய்ப் புகார், இவ பதிஞ்சதும் பொய்ப் புகார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அதில் அக்காவால் மறுக்க முடிந்தது எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து, தங்கை புருஷனின் கையிலிருந்து நழுவிய செல்லை எடுத்தார். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. தியேட்டருக்குள் ஒளித்து எடுத்த படம். நடுவில் ஒரு ஆள் பாப்கார்னோடு குறுக்கே நடந்தான்.

நேற்றுதான் ரிலீஸ்!

இன்ஸ்பெக்டர் அதை மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்தம்மா பதிஞ்ச படத்தோட பேரு வேணா மாறியிருக்கலாம், திருட்டு நிஜம்தான். உங்க ஆபீஸ்ல உருப்படியாப் பதிஞ்ச ஒரே புகார் இதான் மேனேஜர். பாவம், இன்டர்வெல் வரைக்கும்தான் பாத்திருக்கான்... மீதிக் கதைய உள்ள போயி ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க."